ரசம் தெறித்த பக்கங்கள்

கேட்டிருப்பவர் சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் 31 வயதுப் பிள்ளை. அப்பா போன பிறகு அம்மா ஊரை விட்டு வந்து இவரோடு இருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணி வரை சீரியல். சின்ன வயதில் தனக்குக் கதை படித்துக் காட்டிய அம்மாவாயிற்றே என்று, சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய ஒரு நாவலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பத்துப் பக்கத்தில் அம்மா கவிழ்த்து வைத்துவிட்டாராம். சீரியல் அம்மாவின் படிக்கும் பழக்கத்தைக் கெடுத்துவிட்டதா, இல்லை இப்போது வரும் நாவல்களுக்கும் வீட்டில் நடக்கிற வாழ்க்கைக்கும் ஒட்டு உறவு இல்லாமல் போய்விட்டதா என்பது கேள்வி.

தம்பி, இரண்டும் இல்லை என்றுதான் சொல்வேன். அதைச் சொல்ல இவள் யார் என்று தோன்றும். மாயவரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் 1984-லிருந்து 2006 வரை வாடகை நூல் நிலையம் நடத்தினோம். போர்டில் மயிலாடுதுறை என்று இருக்கும்; பஸ்ஸில் கண்டக்டர் மாயவரம் என்றுதான் கூவுவார். பெரிய கோவில் போகிற வழியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, சுவரோடு சுவராக அலமாரி, காக்கி அட்டை போட்ட புத்தகங்கள், முதுகில் என் கையெழுத்தில் நம்பர். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். வாரப் பத்திரிகைகளை ஒரு பையன் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, மறுநாள் வாங்கி அடுத்த வீட்டில் போடுவான். அதற்குப் பெயர் சர்குலேஷன். பத்திரிகை கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சமையல் குறிப்புப் பக்கம் இருக்காது.

ஊரைப் பற்றி ஒரு பெருமையும் சொல்லிக்கொள்கிறேன். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ல் அச்சானது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை எங்கள் ஊரில் முன்சீப்பாக இருந்தவர். கல்கி பிறந்த புத்தமங்கலம் பக்கத்தில்தான். அதனால் நாவல் விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வாய் நீளம்.

கடையை மூடியபோது ஊரில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. சீரியல் வந்து புத்தகத்தைக் கொன்றுவிட்டது. எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாகத்தான் இருந்தது, பழியைப் போட ஒரு ஆள் கிடைத்தானே. ஆனால் என்னிடம் 22 வருஷத்துக் கணக்கு நோட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் கதை அவ்வளவு நேராக இல்லை. 1999 கடைசியில் ‘சித்தி’ வந்ததற்கு முன்னாலேயே மத்தியான வாடிக்கை குறைய ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு போன பெண்கள் காலேஜ் முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். எடுத்துப் போக ஆள் இல்லை. பாக்கெட் நாவல் மலிவாக பஸ் ஸ்டாண்டிலேயே தொங்கியது. வாரப் பத்திரிகைகள் தொடர்கதையைக் குறைத்துக்கொண்டு சினிமாவுக்கும் ஆன்மிகத்துக்கும் பக்கம் கொடுத்தன. வாடகையை நாங்கள் ஏற்றினோம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீரியல் காலியாகக் கிடந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. யாரையும் எழுப்பிவிட்டு உட்காரவில்லை.

டிவி என்று வந்தபிறகு ஒன்று. சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே ஆரம்பித்துவிட்டது என்றாலும் எங்கள் பக்கம் எண்பதுகளில் உயரக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டியவர்களுக்கு முதலில் தெரிந்தது இலங்கையின் ரூபவாஹினிதான். சிங்களத்தில் செய்தி வாசிப்பதை ஒரு தெருவே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், டிவி பார்ப்பது என்பது கதை கேட்பது மட்டுமில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திரும்பி வரும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். கிழிசல் இருந்தால் அட்வான்ஸில் பிடிக்க வேண்டும், அதற்காக. உள்ளே என்னென்ன இருக்கும் தெரியுமா? ஹேர்பின், மாரியம்மன் கோவில் குங்குமப் பொட்டலம், பால் கணக்குச் சீட்டு. ஒரு துப்பறியும் கதையின் பதினெட்டாம் பக்கத்தில் யாரோ பென்சிலால் “கொன்றது தம்பிதான்” என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் புத்தகத்தை அதற்கப்புறம் ஒருவரும் ஒழுங்காகப் படித்திருக்க முடியாது. ஆனால் பின்னும் பொட்டலமும் பெரிதில்லை. கறைதான் எனக்குப் பாடம். எண்ணெய் விரல் பட்ட ஓரம். மஞ்சள். ரசம் தெறித்த புள்ளி. தொடர்கதைகளைப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்தோமே, அந்தத் தொகுதிகளில் படங்களைவிடக் கறை அதிகம். சில எழுத்தாளர்களின் புத்தகங்கள் மட்டும் சுத்தமாகத் திரும்பி வரும். அவை ஆண்கள் எடுத்துப் போனவை, அல்லது யாருமே படிக்காதவை.

அந்தக் கறை என்ன சொல்கிறது? புத்தகம் அடுப்படியில் படிக்கப்பட்டது என்று சொல்கிறது. உலை கொதிக்கிற நேரத்தில் இரண்டு பக்கம், புளி ஊறுகிற நேரத்தில் ஒரு பக்கம். ஒரு வாரத்துத் தொடர்கதை அத்தியாயம் ஒரு சாதம் வடிக்கிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ, படித்தவர்களுக்குத் தெரியும். ஓய்வாகச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து நாவல் படித்த பெண்மணியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவும் உங்களுக்குக் கதை படித்துக் காட்டியபோது இன்னொரு கை எதையாவது செய்துகொண்டிருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

இப்போது சீரியலுக்கு வருவோம். என் மாமியாருக்கு 84 வயது. ஏழரை மணிக்கு ஒரு சீரியல். டிவி கூடத்தில், அவர் உட்காருவது கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கும் நடையில், டிவிக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டிக்கொண்டு. மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. நேற்றைக்கு இப்படித்தான் உருவிக்கொண்டிருந்தார். டிவியில் “டொய்ங்” என்று ஒரு சத்தம், அதன் பின்னால் இடி. அத்தை தலையைத் தூக்கவே இல்லை. “மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு” என்றார். நான் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் முகம். பிறகு மாமியாரின் முகம். நாத்தனாரின் முகம். மறுபடியும் மாப்பிள்ளை, இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில். அதே இடி. பிறகு ஒருத்தி, “அப்போ உங்களுக்கு எல்லா விஷயமும் தெரிஞ்சுபோச்சா?” என்று வாய்விட்டுச் சொன்னாள். எதற்கு இவ்வளவு என்று படித்தவர்கள் எல்லோரும் கேலி செய்கிற இடம் இதுதான். எனக்கு நேற்று அந்தக் கேலி வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கீரை உருவுகிற ஒருத்தி கதையைத் தவறவிடக் கூடாது என்று ஒரு கூட்டமே பாடுபட்டிருக்கிறது. முகத்தை மூன்று தடவை காட்டுவது, அவள் மூன்றாவது தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று. நடந்ததை வாயால் ஒருத்தி சொல்வது, திரும்பியே பார்க்காவிட்டாலும் காதில் விழட்டும் என்று. விளம்பரம் வந்தபோதுதான் அத்தை முழுசாகத் திரும்பி டிவியைப் பார்த்தார். நகைக்கடை விளம்பரத்தில் யாரும் எதையும் திருப்பிச் சொல்வதில்லை, பார்த்தால்தான் உண்டு.

சீரியல் பார்ப்பது என்று சொல்கிறோம். பாதிப் பேர் அதைக் காதால்தான் பார்க்கிறார்கள்.

இதிலிருந்து எனக்கு இன்னொன்று பிடிபட்டது. சீரியல் வீடுகளில் வேலையே நடக்காது என்று நாம் எல்லோரும் சிரிக்கிறோம். பட்டுப்புடவையோடு தூங்கி எழுகிறார்கள், சமையலறை சதி பேசுவதற்கு மட்டும், ஒரு பாத்திரம் தேய்க்கப்படுவதில்லை, ரேஷன் கார்டு இல்லை, கேஸ் தீர்வதில்லை. உண்மைதான். ஆனால் அங்கே பாத்திரம் தேய்க்க வேண்டிய அவசியம் இல்லை. இங்கே பார்க்கிறவள் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றாடம் என்கிற பாதியை அவள் தன் வீட்டிலிருந்து போடுகிறாள், மீதிப் பாதியான ரகளையை டிவி போடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஏழரை மணி முழுசாகிறது. வேலையை நிறுத்திவிட்டு சோபாவில் வந்து நேராக உட்கார்ந்து பார்க்கிற நமக்கு அது அரைவேக்காடாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

எல்லா சீரியலையும் இப்படி ஒரே மூட்டையில் கட்டவும் முடியாது. 2002-லிருந்து மூன்று வருஷம் ஓடிய ‘மெட்டி ஒலி’யில் மனைவியை இழந்த ஒரு அப்பாவும் ஐந்து பெண்களும். அதற்கு வசனம் எழுதியவர் பாஸ்கர் சக்தி, நல்ல சிறுகதை எழுதுகிறவர். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று புது எபிசோடு இல்லாமல் போனபோது சன் டிவி அதையே எடுத்து மறுபடி போட்டது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கதை தெரியும், எல்லோரும் பார்த்தோம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அப்பா என்னும் மனிதர் எந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதை அதில்போல வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பிறகு 2022-ல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’. படித்த பெண்களைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் போட்டுவிடுகிற ஒரு வீடு. அங்கே சமையல்கட்டு சதிக்கான செட் இல்லை, ஜெயில். வேலையைக் கதையாக்கிய சீரியல் என்று அதைச் சொல்லலாம், பின்பாதி இழுத்தடித்ததை நான் மன்னிக்கவில்லை என்றாலும்.

அந்த சீரியலில் ஒரு விஷயம் நடந்தது, நாவல் படிக்கிறவர்கள் கவனித்தார்களா தெரியாது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ம் தேதி டப்பிங்குக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து காலமானார். எங்கள் தெருவில் அன்றைக்கு நிஜமாகவே துக்கம். காலையில் கீரை விற்கிறவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். மாரிமுத்துவுக்குப் பதில் வந்து உட்கார்ந்தவர் வேல ராமமூர்த்தி. ‘குற்றப் பரம்பரை’ எழுதிய நாவலாசிரியர். “இவருக்குப் பதில் இவர்” என்று சீரியலில் போடுவார்களே, அந்த இடத்தில் ஒரு தமிழ் நாவலாசிரியர் வந்து நின்றார். என் மாமியாருக்கு அவர் எழுதுகிறவர் என்று தெரியாது. நான் சொன்னேன். “எழுதறவரா? அதான் கண்ணை இப்படி உருட்டறார்” என்றார்.

சரி, நாவல். இப்போது வரும் நாவல்களுக்கும் வீட்டு வாழ்க்கைக்கும் சம்பந்தம் விட்டுப்போயிற்றா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து இப்போதுதான் நெருக்கம் அதிகம். கடை வைத்திருந்த காலத்தில் நான் வாடகைக்கு விட்ட குடும்ப நாவல்களில் கதாநாயகனுக்கு என்ன வேலை என்று கேட்டால் “பிஸினஸ்” என்பார்கள். என்ன பிஸினஸ் என்று கடைசிப் பக்கம் வரைக்கும் தெரியாது. கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் பேசப்பட்ட நாவல்களை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சோ. தர்மனின் ‘சூல்’ (2019-ல் அகாதெமி பரிசு வாங்கியது) உருளைக்குடிக் கண்மாயைப் பற்றியது. கரையைப் பார்த்துக்கொள்கிறவர்கள், மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற நீர்ப்பாய்ச்சி, மீன், பறவை. ஊர் கூடிக் காப்பாற்றிய நீர்நிலை சுதந்திரத்துக்குப் பிறகு யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகிற கதை. எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ கரிசல்காட்டு நாதஸ்வரக்காரர்களின் கதை. எங்களுக்கு நாதஸ்வரம் என்றால் பக்கத்து ஊர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான், காவிரித் தண்ணி குடித்த சீவாளிதான் (வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு). தண்ணியில்லாத காட்டிலும் அது வாசிக்கப்பட்டது, வாசித்தவனைக் கோவில் திருவிழாவிலேயே கட்டி வைத்து அடித்தார்கள் என்று அந்த நாவலைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ கொங்கு நாட்டில் குடிநாவிதர் குடும்பம் ஒன்றின் கதை. காரு மாமா என்பவரின் சாவுக்கு உறவுக்காரர்கள் வந்து சேர்கிறார்கள். சின்ன நாவல். தலைப்பு புறநானூற்றில் கணியன் பூங்குன்றனாரின் பாட்டிலிருந்து வருகிறது, யாதும் ஊரே என்று எல்லோரும் மேடையில் சொல்லிவிட்டு விட்டுவிடுகிற பாட்டின் நடுப்பகுதியிலிருந்து.

இவற்றையெல்லாம் விட, உங்கள் கேள்விக்குக் கிட்டத்தில் வருவது இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020-க்கான அகாதெமி பரிசு பெற்றது. இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டுகிற ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். அப்பா நடேசன் தலைமை ஆசிரியர். சில வருஷம் கழித்து அவள் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டுக்கு வெளியே. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, ஆஸ்பத்திரிக்கு வேறு வேறு நோயாளிகளோடு வந்தவர்கள், எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவன் கொளுத்தினானா, அவளே கொளுத்திக்கொண்டாளா? எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா? பணம் கையில் இருக்கிறது. அந்தக் கதவுக்கு முன்னால் அதற்கு மதிப்பில்லை.

கதைச் சுருக்கத்தைப் பாருங்கள். காதல் கல்யாணம், ஒத்துக்கொள்ளாத அப்பா, பொறுப்பில்லாத மாப்பிள்ளை, தீ, ஆஸ்பத்திரி. இது சீரியல் கதைதான்! ஒரு சீரியலில் இதை வைத்து எட்டு மாதம் ஓட்டுவார்கள். ஆனால் சீரியலில் ஆஸ்பத்திரி என்றால் ஒரு டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி, “இருபத்துநாலு மணி நேரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்” என்பார். அடுத்த காட்சியில் அந்த இருபத்துநாலு மணி நேரம் முடிந்துவிட்டிருக்கும். இமையம் எழுதியிருப்பது அந்த இருபத்துநாலு மணி நேரத்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்காமல் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நேரம் எப்படி நகரும், யார் டீ வாங்கிவரப் போவது என்பதில்கூட எப்படிச் சண்டை வரும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத பொம்பளையிடம் எப்படி மனசில் இருப்பதெல்லாம் வந்து விழும் என்று. என் வீட்டுக்காரருக்காக நான் பதினோரு நாள் அப்படி ஒரு வராந்தாவில் இருந்திருக்கிறேன். பாய் விரிக்கும் இடத்துக்கு ஒரு அம்மாளோடு சண்டை போட்டு, மூன்றாம் நாள் அவரோடு ஒரே பாயில் படுத்தவள் நான். அந்த நாவலில் பொய்யான வரி எங்கே என்று தேடிக்கொண்டே படித்தேன். ஓரிரண்டு இடத்தில் பேச்சு நீளம் என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் நாவலை எடைபோட்டுத்தான் வாங்க வேண்டும் போல. வரலாற்று நாவல் என்ற பெயரில் கல்வெட்டையும் ஆவணத்தையும் பாத்திரங்களின் வாயில் போட்டுப் பேசவைக்கிறார்கள். தகவல் தெரிந்துகொண்டோம் என்ற திருப்திக்கு நாமும் பணம் கொடுக்கிறோம். இன்னொரு குறை, செல்போன். தமிழ்நாட்டில் இன்றைக்கு ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு நடக்கிற பேச்சில் பாதி போனில் நடக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் யாருடைய மெசேஜுக்குக் கைகூப்பவில்லை என்று தீபாவளி வரை பேச்சுவார்த்தை நின்று போயிருக்கிற வீடு எனக்குத் தெரியும். இது நாவலில் அபூர்வமாகத்தான் வருகிறது. கிராமத்தையும் பழைய தலைமுறையையும் எழுதுகிற கை, வீட்டுக்கடன் தவணை கட்டுகிற பிளாட்டுக்குள் வந்தால் தடுமாறுகிறது. அசோகமித்திரன் எழுபதுகளில் ‘தண்ணீர்’ எழுதினார், சென்னையில் ஒரு தெருவில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற பெண்களை வைத்து. 2019-ல் சென்னை தண்ணீருக்குத் தவித்ததே, லாரி புக் பண்ணிவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டார்களே, அதற்கு அந்தப் பழைய நாவலைத்தான் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் சில நேரம் வெப் சீரிஸ்காரர்கள் முந்திக்கொள்கிறார்கள். 2023-ல் வந்த ‘அயலி’யைப் பாருங்கள். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடுகிற ஊரில், வயசுக்கு வந்ததை ஒரு பெண் வீட்டுக்குள்ளேயே எப்படி மறைப்பாள் என்ற ஒரே முடிச்சு. அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள், நடுவில் அவர் சொல்கிற கதை அதைவிட நன்றாக இருக்கும்.

படிக்கும் பழக்கம் போய்விட்டது என்ற பேச்சையும் நான் நம்புவதில்லை. என்னிடம் குடும்ப நாவல் எடுத்துப் போன பெண்களில் சிலர் இன்று பிரதிலிபி மாதிரி செயலிகளில் ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் படிக்கிறார்கள், அத்தியாயம் அத்தியாயமாக, அதே “தொடரும்” போட்டு. கல்கி 1950-லிருந்து 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் எழுதினார். ஜெயமோகன் 2014-லிருந்து 2020 வரை ‘வெண்முர’சைத் தன் இணையதளத்தில் தினமும் ஒரு அத்தியாயமாகப் போட்டு 26 நாவலாக முடித்தார். தினசரி சீரியலின் நேரத்தை நாவல் எடுத்துக்கொண்டது அது. தொடரும் என்ற வார்த்தை பத்திரிகையிலிருந்து டிவிக்குப் போய், அங்கிருந்து போனுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, உங்கள் அம்மா விஷயம். எந்த நாவலைக் கொடுத்தீர்கள் என்று சொல்லவில்லை. தடியான ஒன்றாக இருந்தால் அதைத் திருப்பி உங்கள் அலமாரியில் வைத்துவிடுங்கள். அறுபது வயதுக்கு மேல் மணிக்கட்டு வலிக்கும், எழுத்தும் பொடி. கண்ணாடி பவர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இலக்கியப் பிரச்சினை என்று நாம் நினைப்பதில் பாதி கண் டாக்டரிடம் தீரும். அம்மா புது ஊரில் இருக்கிறார், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை, நீங்கள் வீட்டிலிருந்தாலும் லேப்டாப்பில் இருக்கிறீர்கள். சீரியலில் குறைந்தபட்சம் இருபது பேர் தமிழில் பேசுகிறார்கள். அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டு சத்தமில்லாத ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் யார்தான் வாங்குவார்கள்?

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். கிளை நூலகத்திலிருந்து புத்தகம் எடுங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது, காசு கொடுத்த கடை அது. எடுத்து, நீங்களே சத்தமாகப் படியுங்கள். அம்மாவின் கையில் ஏதாவது வேலை இருக்கிற நேரமாகப் பார்த்து. ‘நீர்வழிப் படூஉம்’ முதலில் வேண்டாம், உறவு முறைகள் குழப்பும், கூடவே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். ‘செல்லாத பணம்’ பேச்சாகவே இருப்பதால் காதுக்கு ஏறும். கண்ணால் படிப்பதைவிட வாய்விட்டுப் படித்தால்தான் அது இன்னும் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அப்பா போன துக்கம் இன்னும் ஆறவில்லை என்றால் அதையும் தள்ளி வையுங்கள், ஆஸ்பத்திரி வேண்டாம். ‘சூல்’ எடுங்கள். அதில் சிரிக்கவும் இடம் உண்டு. அம்மா கிராமத்துக்காரர் என்றால் நடுவில் நிறுத்தி உங்களுக்கு அவர் பாடம் எடுப்பார்.

எங்கள் வீட்டில் ‘செல்லாத பணம்’தான், சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தேன். அத்தை முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை, கொத்தவரங்காய் நறுக்கி முடிந்ததும் எழுந்து போய்விட்டார். இரண்டாம் நாள் நடுவில், “அந்த அம்மாக்காரி பாவம், யாரும் அவளை ஒரு வாய் சாப்பிடச் சொல்லலையே” என்றார். மூன்றாம் நாள் நான் மறந்துவிட்டேன். ஆறு ஐம்பதுக்கு முறத்தில் பூண்டோடு வந்து நடையில் உட்கார்ந்துகொண்டு, “ஏம்மா, இன்னிக்கு ஆஸ்பத்திரி இல்லையா?” என்று கேட்டார். புத்தகத்தை எடுத்து வந்து, அண்ணனுக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம் முற்றுகிற இடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கே குரல் கம்மிவிட்டது. அத்தை பூண்டுத் தோலை ஊதிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“சரி, அங்கேயே நிறுத்து. மீதிய நாளைக்கு வச்சுக்கலாம்” என்றார். “ஏழரை ஆயிடுச்சு. அந்த ரிமோட்ட எடு.”